அவா மாரு: ஒரு கப்பலின் முழுக்கணக்கு

அவா மாருவைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லாரும் அதன் கடைசி இரவிலிருந்தே தொடங்குகிறார்கள். 1945 ஏப்ரல் 1. தைவான் நீரிணையில் அடர்ந்த மூடுபனி. அமெரிக்க நீர்மூழ்கி குவீன்ஃபிஷ் விட்ட நான்கு டார்பிடோக்களும் இலக்கைத் தைத்தன. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர் ஒரே ஒருவர். டைட்டானிக்கில் மாண்டவர்களை விட இது அதிகம். போர்க்கைதிகளுக்கு நிவாரணம் கொண்டுபோகும் கப்பல் என்று அமெரிக்க அரசே பாதுகாப்பு உறுதி கொடுத்திருந்த கப்பல் அது. ஆகவே பெரும்பாலான நூல்களில் வழக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: குற்றம் நீர்மூழ்கித் தலைவருடையதா, பாதுகாப்பு உறுதியைத் தன் வசதிக்கு வளைத்த ஜப்பானுடையதா?

கேள்வி நியாயமானதுதான், ஆனால் போதாது. அந்தக் கப்பல் கடைசியாகக் கிளம்பிய துறை சிங்கப்பூர். சிங்கப்பூரிலிருந்து தென்சீனக் கடலுக்குள் நுழையும் கப்பல்கள் கடைசியாகக் கடக்கும் மலாயாக் கரை ஜொகூரின் தென்கிழக்கு மூலையான பெங்கேராங். சரக்கறையில் இருந்தவை ரப்பரும் ஈயமும். இந்த வழக்கில் அமெரிக்கா, ஜப்பான் என்ற இரண்டு தரப்புகள் மட்டுமே உண்டு என்னும் ஏற்பாட்டை ஜொகூரில் வாழும் ஒரு தமிழன் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளக் கூடாது. கப்பலின் இரண்டாண்டுச் சேவை முழுவதையும் எடுத்துப் பார்த்த பிறகே தீர்ப்புக்கு வர வேண்டும்.

நாகசாகியிலுள்ள மிட்சுபிஷி கப்பல் தளத்தில் 1941 ஜூலையில் வேலை தொடங்கியது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது இன்னும் ஐந்து மாதம் இருந்தது. 1943 மார்ச்சில் கட்டி முடித்தார்கள். உரிமை நிப்பான் யூசென் கைஷா நிறுவனத்துக்கு. மொத்தக் கொள்ளளவு 11,249 டன். பயணிகளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றும் வணிகக் கப்பலாக வரையப்பட்டிருந்தாலும், போர் நடுவில் கடலில் இறங்கியதால் அது அமைதிக் காலத்தில் ஒரு நாள்கூட ஓடவில்லை. அரசு கையகப்படுத்திப் போர்ப் போக்குவரத்தில் ஈடுபடுத்தியது. தெற்கே வரும்போது படையாட்களும் தளவாடங்களும் ஏறின. வடக்கே திரும்பும்போது, தென்கிழக்காசியாவைப் பிடித்ததன் நோக்கமே எதுவோ அது ஏறியது: ரப்பர், ஈயம், பிற மூலப்பொருட்கள். வேகமான கப்பல் என்பதால் ஜப்பானின் மோஜித் துறைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய முதன்மைக் கான்வாய்களில் அதற்கு இடம் கிடைத்தது.

1944 ஆகஸ்டில் அப்படி ஒரு கான்வாயில், பிலிப்பீன்ஸுக்குப் படையுதவி கொண்டுபோகும்போது, லூசோன் தீவுக்கு வடமேற்கே அமெரிக்க நீர்மூழ்கிகளிடம் அகப்பட்டது. ஒரே இரவில் விமானந்தாங்கி தையோ மூழ்கியது. தெய்யா மாரு என்ற பெரிய பயணிக் கப்பலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு போயிற்று. அவா மாருவும் டார்பிடோ வாங்கியது. ஆனால் கர்ரிமாவோ துறையருகே கரையில் ஏற்றிவிட்டதால் தப்பி, மணிலாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பழுது பார்த்துத் திரும்ப ஓடியது.

இங்கே தெய்யா மாருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெயர் பின்னால் வரும் வாதத்துக்குத் தேவை. 1943 அக்டோபரில் கோவாவின் மர்மகோவா துறையில் அமெரிக்காவும் ஜப்பானும் தங்கள் கையிலிருந்த குடிமக்களைக் கைமாற்றிக்கொண்டன. ஜப்பான் தரப்பில் ஆட்களைக் கொண்டுவந்தது தெய்யா மாரு. இருபுறமும் எழுதிக் கொடுத்த பாதுகாப்பு உறுதியோடு நீர்மூழ்கிகள் திரிந்த கடலில் போய், பத்திரமாகத் திரும்பியது. அடுத்த ஆண்டே அதே கப்பல் படைக் கப்பலாக மூழ்கடிக்கப்பட்டது. அதில் யாரும் முறைகேடு காணவில்லை. பாதுகாப்பு உறுதி கப்பலுக்கு நிரந்தரமாகக் கொடுப்பதல்ல, குறிப்பிட்ட பயணத்துக்குக் கொடுப்பது. அந்தப் பயணத்துக்குள் அதை மீற முடியாது. பயணம் முடிந்ததும் அது செல்லாது. இரு நாடுகளும் இந்த நியதியைப் புரிந்துதான் நடந்தன. அவா மாருவையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

1944 டிசம்பர் இறுதியில் அவா மாரு சிங்கப்பூரிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளை ஏற்றிக்கொண்டு போய், ஜனவரி நடுவில் மோஜியில் இறக்கியது. ஜப்பானில் சுரங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் அடிமை வேலை செய்யக் கொண்டுபோன ஆட்கள் அவர்கள். அந்தப் பயணத்தில் கப்பல்மேல் சிலுவை எதுவும் வரையப்படவில்லை. உள்ளே கைதிகள் இருப்பது வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை. ஒரு டார்பிடோ தைத்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதே கப்பல் அதே கைதிகளின் நண்பர்களுக்கு உணவும் மருந்தும் சுமக்கும் கப்பலாக மாறியது. இந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு 'நிவாரணக் கப்பல் அவா மாரு' என்று மட்டும் எழுதுகிறவர்கள் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

நிவாரண ஏற்பாடு இப்படி உருவானது. அமெரிக்காவிலிருந்து சோவியத் தூர கிழக்குக்குப் போய்ச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 டன் நிவாரணப் பொருட்களை, நீண்ட பேச்சுக்குப் பின் 1944 இறுதியில் ஜப்பான் எடுத்துவந்தது. அதில் தெற்குப் பகுதிகளுக்குரிய பங்கைக் கொண்டுசெல்ல ஜப்பான் அவா மாருவை முன்வைத்தது. போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கேட்டது. சுவிட்சர்லாந்து வழியாக நடந்த பேச்சில் அமெரிக்கா சம்மதித்தது. கப்பலின் பக்கங்களிலும் புகைபோக்கியிலும் பெரிய வெள்ளைச் சிலுவைகள் வரைந்து, இரவில் அவற்றுக்கு விளக்குப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 1945 பிப்ரவரி 17-இல் மோஜியிலிருந்து கிளம்பி, தைவான், ஹாங்காங், சைகோன் வழியாக மார்ச் 2-இல் சிங்கப்பூர் வந்தது. பின்னர் ஜகார்த்தாவுக்கும் பாங்கா தீவின் முன்தோக்குக்கும் போய்த் திரும்பி, மார்ச் 28-இல் சிங்கப்பூரை விட்டு வடக்கே கிளம்பியது.

ஜப்பான் என்ன செய்தது? போகும் வழியில் நிவாரணத்தோடு படைத்தளவாடமும் விமான உதிரிப் பாகங்களும் ஏற்றியதாக அமெரிக்கர்களின் இடைமறிப்புச் செய்திகள் சொல்லின. திரும்பும் வழியில் ஏறியது பற்றி ஐயமே இல்லை: ஆயிரக்கணக்கான டன் ரப்பர், ஈயம், காரீயம், சர்க்கரை. கூடவே ஆட்கள். தங்கள் கப்பல்கள் மூழ்கிப்போய்ச் சிங்கப்பூரில் தங்கிவிட்ட வணிகக் கப்பல் மாலுமிகள்தான் அவர்களில் பெரும்பாலோர். அவர்களோடு அதிகாரிகள், தொழில்நுட்பர்கள், படையினர், சில பெண்கள், குழந்தைகள். 1945 மார்ச்சில் தென்சீனக் கடலைப் பத்திரமாகக் கடக்கக்கூடிய கப்பல் இதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். இதில் இடம் பிடிப்பது உயிர் பிழைப்பதற்குச் சமமாக இருந்திருக்கும்.

இது உறுதியை மீறியதாகுமா? அமெரிக்கர் எழுதிய சில நூல்கள் ஆம் என்று சாய்கின்றன. போர்ச் சரக்கு ஏற்றியதால் பாதுகாப்பு உரிமை போய்விட்டது என்பது வாதம். என் பார்வையில் இந்த வாதம் நிற்கவில்லை. திரும்பும் பயணத்தில் கப்பல் காலியாக வர வேண்டும் என்று உறுதியில் நிபந்தனை போடவில்லை. சரக்கு விவரம் செய்தி இடைமறிப்பால் அமெரிக்கக் கடற்படைத் தலைமைக்கு முன்பே எட்டியிருந்தது. தெரிந்த பிறகும் உறுதியை அவர்கள் திரும்பப் பெறவில்லை. கப்பலைப் போகவிடும்படிதான் கட்டளை போயிற்று. உறுதி கொடுத்தவரே குறையை அறிந்தும் உறுதியைத் தொடர்ந்தால், கப்பல் மூழ்கிய பிறகு அந்தக் குறையைச் சாக்காக எடுக்க அவருக்கு உரிமை இல்லை. போர் முடிவதற்கு முன்பே அமெரிக்க அரசு தன் பொறுப்பை ஜப்பானிடம் ஒப்புக்கொண்டது. சட்டக் கேள்வியில் அதுவே போதுமான விடை.

சட்டம் அங்கே முடிகிறது. அறம் முடியவில்லை. கைதிகளின் பேரால் கிடைத்த பாதுகாப்பை, அந்தக் கைதிகளை வதைத்துக்கொண்டிருந்த போருக்கான மூலப்பொருளைக் கடத்தப் பயன்படுத்தியது ஜப்பான். அதற்கும் மேலாக, இரண்டாயிரம் மனிதர்களை அந்தச் சரக்கின் மேல் ஏற்றியது. உறுதி என்றாவது தவறினால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டதற்கு அடையாளம் இல்லை. கப்பல் மூழ்கியதற்கு ஜப்பான் காரணமல்ல. ஆனால் அதில் இத்தனை பேர் இறந்ததற்கு ஜப்பானும் காரணம். இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இத்தனை ஆண்டுகளாக விவாதம் நகராமல் நிற்கிறது.

இனி குவீன்ஃபிஷ். அதன் தலைவர் கமாண்டர் சார்ல்ஸ் எலியட் லோக்லின். கொலைவெறி பிடித்தவராக அவரைக் காட்டுவது எளிது. சான்று அதற்கு எதிராக இருக்கிறது. 1944 செப்டம்பரில் ரகுயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல், சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை ஏற்றிச் சென்றபோது, வேறொரு அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான் போட்ட ரயில் பாதையில் உழைத்து மிஞ்சியவர்கள் அந்தக் கைதிகள். நாட்கணக்கில் கடலில் மிதந்தவர்களைத் தேடி எடுத்த நீர்மூழ்கிகளில் குவீன்ஃபிஷும் ஒன்று. லோக்லினின் ஆட்கள் அவர்களில் 18 பேரைக் காப்பாற்றினார்கள். அடையாளமில்லாத கப்பலுக்குள் யார் இருப்பார்கள் என்பதைத் தன் கண்ணால் பார்த்த மனிதர் அவர்.

ஏப்ரல் 1 இரவில் அவருடைய ரேடாரில் ஏறத்தாழ 17,000 கெஜ தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பதினாறு நாட் வேகத்தைத் தாண்டிய ஓட்டம், நேர்ப்போக்கு, தனிக் கப்பல். அதைப் போர்க்கப்பல் என்று முடிவு செய்து, மூடுபனியில் எதையும் கண்ணால் பாராமலே, ஏறத்தாழ 1,200 கெஜ தூரத்திலிருந்து நான்கு டார்பிடோக்களை விட்டார். ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம். அந்த டார்பிடோக்கள் நீர்மட்டத்துக்கு மூன்றடி கீழே ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஆழம் குறைந்த நாசகாரிக் கப்பலைக் குறிவைப்பவன்தான் அப்படி அமைப்பான். சுமையேறிய பதினோராயிரம் டன் கப்பலைக் குறிவைப்பவனுக்கு அது தேவையில்லை. ஆகவே அவர் உண்மையிலேயே நாசகாரி என்று நம்பினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவா மாரு அளவுக்கு மீறிய சுமையால் நீரில் தாழ்ந்து கிடந்தது, அதனால் ரேடார் எதிரொலி சிறுத்தது என்ற விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் ஜப்பான் ஏற்றிய சுமை சாவின் எண்ணிக்கையை மட்டுமல்ல, தவறான அடையாளத்தையும் வளர்த்திருக்கிறது. நான் சற்று முன் இழுத்த கோடு இந்த இடத்தில் கொஞ்சம் வளைகிறது, வளையட்டும்.

ஆனால் நல்லெண்ணம் வேறு, கவனம் வேறு. அந்த நாட்களில் அந்தக் கடலில் அவா மாரு வரப்போகிறது, விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை லோக்லினுக்குத் தெரியும். நீர்மூழ்கிகள் நிறைந்த நீரிணையில் வளைந்து வளைந்து ஓடாமல் நேர்கோட்டில், துணையின்றி, நிதானமாக ஓடும் கப்பல் எதுவாக இருக்கக்கூடும் என்று ஒரு நொடி நின்று கேட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு உண்டு என்று நம்பும் கப்பல் அப்படித்தான் ஓடும். அந்த நொடியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

குவாமில் இராணுவ நீதிமன்றம் கூடியது. மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு தள்ளுபடியாயின. கட்டளையை நிறைவேற்றுவதில் அசட்டை என்ற மூன்றாவதில் மட்டும் குற்றவாளி என்று தீர்ந்தது. தண்டனை ஒரு கண்டிப்புக் கடிதம். பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் அந்த மென்மையைக் கண்டு கோபமடைந்து நீதிமன்ற உறுப்பினர்களுக்கே அதைவிடக் கடுமையான கடிதம் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கிறார்கள். லோக்லின் பின்னாளில் ரியர் அட்மிரலாகவே ஓய்வு பெற்றார். இரண்டாயிரம் உயிருக்கு ஒரு கடிதமா என்று மனம் கொதிக்கிறது. இருந்தாலும் அந்த நீதிமன்றத்தின் குற்றப் பிரிப்பு சரி என்றே நினைக்கிறேன். அவர் மேல் விழ வேண்டியது அசட்டைதான். ஆனால் தண்டனை அந்த அசட்டையின் விளைவுக்கு ஈடாகவில்லை. கூண்டில் நின்றிருக்க வேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது இன்னும் பெரிய குறை.

பெரும்பாலான நூல்கள் இதைக் கடந்து போகின்றன. வெள்ளைச் சிலுவையும் இரவு விளக்கும் மனிதக் கண்ணுக்கான அடையாளங்கள். 1942-இலும் 1943-இலும் கைமாற்றுக் கப்பல்கள் அவற்றை நம்பி ஓடின. 1945-க்குள் நீர்மூழ்கி கண்ணால் பார்த்துச் சுடுவதை விட்டு ரேடாரைப் பார்த்துச் சுடும் கருவியாக மாறிவிட்டது. ரேடாருக்குச் சிலுவையும் தெரியாது, விளக்கும் தெரியாது. ஆகவே பாதுகாப்பின் பாரம் முழுவதும் ஒரே ஒரு பொருளின் மேல் வந்து விழுந்தது: இந்த நாளில், இந்த நேரத்தில், இந்தப் பாதையில் அவா மாரு வரும் என்ற தாள். அந்தத் தாள்தான் கை தவறிப்போனது. பாதை விவரம் அடங்கிய செய்தி சங்கேதமில்லாமல் தெளிவாக அனுப்பப்பட்டும் லோக்லினின் கைக்கு எட்டவில்லை. அவருடைய கப்பலிலேயே அது கோப்பில் கிடந்தது. அவர் படித்த பிந்திய கட்டளை எல்லா நீர்மூழ்கிகளுக்கும் பொதுவாகப் போனது. கப்பல் உங்கள் பகுதிகளைக் கடக்கும், விடுங்கள் என்றது. எந்தப் பாதை என்று சொல்லவில்லை. மீறவே கூடாத ஓர் அரசு உறுதியை, பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தலைவர் அட்மிரல் லாக்வுட்டின் தலைமையகம் அன்றாடச் சுற்றறிக்கை போல அனுப்பிவிட்டது. 'பெற்றேன், படித்தேன்' என்று ஒவ்வொரு தலைவரிடமும் பதில் வாங்கியிருந்தால் போதும். குறைந்தபட்சம் அந்தச் சில நாட்களுக்குக் குறிப்பிட்ட பாதையில் ரேடாரை மட்டும் நம்பித் தாக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கலாம். என் கணிப்பில் மூழ்கடிப்பின் முதற்பொறுப்பு இந்தத் தலைமையகத்துடையது. லோக்லின் இரண்டாவது. அவர் மேல் எல்லாவற்றையும் ஏற்றியதால் மேலே இருந்தவர்கள் நழுவினார்கள்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல டன் தங்கம், வைரம், பீக்கிங் மனிதனின் எலும்புகள் எல்லாம் அவா மாருவில் போயின என்று பத்திரிகைகள் பல பத்தாண்டு எழுதின. 1977 முதல் 1980 வரை சீனா ஃபூஜியான் கரைக்கப்பால் கப்பலின் உடைசலைத் தோண்டியது. ஈயமும் ரப்பரும் கிடைத்தன. நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்து ஜப்பானுக்குத் திரும்பின. தங்கம் கிடைக்கவில்லை. இந்தக் கப்பலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு கிடைக்காத தங்கத்தைப் பற்றியது என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. கிடைத்த ஈயமும் ரப்பரும் எங்கிருந்து வந்தன, யார் கையால் வந்தன என்று அவற்றில் யாரும் கேட்கவில்லை.

அதை இப்போது கேட்கிறேன். கேமாஸிலிருந்து செகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வழியாக ஜொகூர் பாருவுக்கு இறங்கி, பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகும் ரயில் பாதைதான் மலாயாவின் ரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்த்த முதன்மைத் தடம். அந்தத் தடத்தின் இருபக்கமும் ரப்பர் தோட்டங்கள். பால்மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர். 1943-இல் அதே தடத்தில், எதிர்த்திசையில், வேறொரு சரக்கு ஏறியது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி, பிறகு ஆசைக்கு ஆள் வராதபோது வளைத்துப் பிடித்து, தோட்டப் பாட்டாளிகளை வடக்கே ஏற்றினார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். மாண்டவர்களின் குறைந்த கணக்கே முப்பதாயிரத்தை நெருங்குகிறது. பல ஆய்வாளர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். காலராவும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் ஆறாப் புண்களும் பட்டினியும் கொன்றன. அதே பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேல்.

1945 மார்ச்சில் அவா மாரு சிங்கப்பூரில் நிவாரணத்தை இறக்கியபோது, மிஞ்சிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் சயாமில் இருந்தார்கள். பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்திருந்தாலும், பராமரிப்புக்கும் குண்டு விழுந்த பாலங்களைத் திருத்தவும் அவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். அவா மாரு கொண்டுவந்த பொருளில் அவர்களுக்கென்று ஒரு கொய்னா மாத்திரையும் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்க வழியே இல்லை. ஏற்பாடு போர்க்கைதிகளுக்கும் தடுப்புக்காவலில் இருந்த குடிமக்களுக்கும் உரியது. தோட்டத் தமிழர் பிரிட்டிஷ் ஆட்சியின் குடிகள்தான். ஆனால் ஜப்பானின் ஏட்டில் அவர்கள் கைதிகள் அல்லர், தடுப்புக்காவலரும் அல்லர், தாமாக வந்த கூலிகள். அப்படி எழுதிய ஒரு வரியால் ஜெனீவா ஒப்பந்தத்தின் நிழலும் செஞ்சிலுவையின் கையும் அவர்கள் மேல் படாமல் போயின.

இதற்கு அமெரிக்கப் பேச்சாளர்களைக் குற்றம் சொல்ல முடியுமா என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் முடியாது. தங்கள் சொந்தக் கைதிகளுக்கே இரண்டாண்டு கெஞ்சித்தான் ஒரு கப்பலைப் பெற முடிந்தது. ஆசியத் தொழிலாளரையும் சேர் என்று கேட்டிருந்தால் ஜப்பான் அந்த ஒன்றையும் மறுத்திருக்கும். குற்றம் அவர்களைக் கூலிகள் என்று எழுதியவனுடையது. ஆனால் போருக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர்களுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. கப்பலின் பாதுகாப்பை ஆராய்ந்தவர்கள், யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்று ஆராயவில்லை. சரக்கைப் பட்டியலிட்டவர்கள், அந்தச் சரக்கு விளைந்த நிலத்தின் உழைப்பாளர்கள் அப்போது எங்கே கிடந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நமக்குள் அந்த நினைவைக் காத்தது பெரும்பாலும் குடும்பங்களின் வாய்ச்சொல்லும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களும்தான். அந்த ரயில் பாதையோரத் தாய்லாந்து நகரான காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழருக்கு அங்கே ஒரு நடுகல் நிற்பதற்கு 2023 வரை ஆயிற்று.

அவா மாருவில் இறந்தவர்களை இந்த வாதம் சிறுமைப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். ஊர் திரும்ப ஒரே ஒரு வழி என்று நம்பி ஏறிய மாலுமிகள் அவர்கள். அந்தச் சாவு அநியாயச் சாவு. ஆனால் ஒரு கப்பலின் சேவையை மதிப்பிடும்போது அதில் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. அது யாருக்காக ஓடியது, எதைச் சுமந்தது, யாரைத் துறையில் விட்டுவிட்டுப் போனது என்பதும் எடையில் ஏற வேண்டும். அப்படி ஏற்றினால், அவா மாரு இரண்டாண்டும் ஆக்கிரமிப்பின் சரக்குக் கப்பலாகவே உழைத்தது. கடைசிப் பயணத்தில் வந்த நிவாரணம் உண்மையான நிவாரணம், கைதிகள் சிலரை அது வாழவைத்திருக்கும். ஆனால் அது கப்பலின் தன்மையை மாற்றவில்லை. அதை மூழ்கடித்தது தவறு. அந்தத் தவறு அமெரிக்கக் கடற்படைத் தலைமையகத்தின் அசட்டையில் தொடங்கி ஒரு கமாண்டரின் அவசரத்தில் முடிந்தது. இத்தனை உயிர் போனதில் ஜப்பானிய அதிகாரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இழப்பீட்டுக் கணக்கு எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1949 ஏப்ரலில், அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான், அவா மாருவுக்கான உரிமைக் கோரிக்கை முழுவதையும் கைவிட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் தொகை கொடுக்கும் பொறுப்பை ஜப்பானிய அரசே ஏற்றது. வென்றவனின் ஆட்சிக்குக் கீழ் இருப்பவன் தானாகக் கைவிட்டான் என்பதை நான் முழு மனதோடு நம்பவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பங்களுக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. டோக்கியோ ஸோஜோஜி கோயிலில் அவர்கள் நினைவாக ஒரு கல்லும் நிற்கிறது.

மலாயாவின் கணக்கு 1967 செப்டம்பரில்தான் தீர்க்கப்பட்டது. மலேசியாவும் ஜப்பானும் செய்த ஒப்பந்தத்தின்படி ஜப்பான் 25 மில்லியன் வெள்ளி கொடுத்தது. பணமாக அல்ல, கப்பலாக. கடல் கடக்கும் சரக்குக் கப்பல்கள் இரண்டு, புதிதாகத் தொடங்கிய மலேசிய அனைத்துலகக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டித் தரப்பட்டன. நாட்டின் கடல் வணிகத்துக்கு அது நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு போர்க்கால உரிமைக் கோரிக்கைகள் எல்லாம் முற்றாகத் தீர்ந்தன என்று இரு அரசுகளும் முடித்துவிட்டன. லாபிஸிலிருந்தோ குளுவாங்கிலிருந்தோ சயாம் போய்த் திரும்பாதவனின் மனைவிக்கு அதில் ஒரு காசும் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு இல்லை. அவா மாரு விவகாரத்தில் நான் எழுதும் தீர்ப்பில் மூன்றாம் தரப்பு ஒன்று இருப்பதும், அதன் வழக்கு இன்னும் முடியவில்லை என்று நான் பதிவு செய்வதும் இதனால்தான்.